ஆளில்லா நிலமென்று எழுத மறுத்த அம்மையார்

ரவாங் நான்கெல்லை ஆலோசனை நிறுவனத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி, இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வுபெறும் மேற்பார்வையாளர் திருமதி வாகீஸ்வரி மகாதேவா அவர்களுக்கு, பிரிவு ஊழியர்கள் பதினொருவர் வாசித்தளிக்கும் மடல்

எண்களுக்கு ஏவல் செய்யாத ஏந்தலே! சதுர கிலோமீட்டரின் சத்தியமே! ஓடுதளங்களின் நீளத்தை உள்ளங்கை ரேகையாய் அறிந்த உத்தமியே! வணக்கம்.

கோலாலம்பூரா சிங்கப்பூரா என்று கேட்டு வந்த முதலாளிகள் எத்தனை பேர்! பேங்காக்கா ஜகார்த்தாவா என்று பதைத்து வந்த பங்குதாரர்கள் எத்தனை பேர்! அத்தனை பேருக்கும் அடர்த்தி இவ்வளவு, ஆலை இவ்வளவு, ஆகாய வழி இவ்வளவு என்று அட்டவணை போட்டுக் கொடுத்தவர் தாங்கள். சிப்பாங் விமான நிலையம் பெரிதா சாங்கி விமான நிலையம் பெரிதா என்ற வழக்கில் நாட்டுப்பற்று நடுவே நுழைந்தபோதெல்லாம் அதை வாசலில் நிறுத்தி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பியவர் தாங்கள். எட்டாயிரத்து நூற்றுச் சொச்சம் என்று எவராவது எழுதினால், “சொச்சம் எண்டா எத்தனை பேர்? அவையளுக்குப் பேர் இல்லையோ?” என்று தங்கள் யாழ்ப்பாணத் தமிழில் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சி இப்பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகளாகச் சொச்சம் என்ற சொல் புழக்கத்தில் இல்லை.

இம்மடலின் முதற்பக்கம் இத்துடன் முடிகிறது. மேலாளர் திரு. திவாகரன் அவர்கள் பார்வையிட்டு ஒப்புதல் அளித்த பக்கம் இதுவே. இரண்டாம் பக்கம் அச்சாகத் தாமதமாகிவிட்டதால் அவர் பார்வைக்கு வைக்க இயலவில்லை. வருந்துகிறோம்.

இனித் தங்களை ‘அவர்’ என்றே குறிப்பிடப் போகிறோம். முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்குக் கூச்சம். ஏன் கூச்சம் என்பது சற்று நேரத்தில் அவைக்கு விளங்கும்.

ஏழு வாரங்களுக்கு முன்பு ஐந்நகர ஒப்பீட்டின் இறுதி அட்டவணை அவர் மேசைக்கு வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் பெரிய சரக்குக் கிடங்கு கட்ட நகரம் தேடிக்கொண்டிருந்தார். அடர்த்தியில் மணிலா முந்தியது. விமான நிலையத்தில் சிங்கப்பூர் முந்தியது. தொழிற்சாலையில் பேங்காக் முந்தியது. நம் கோலாலம்பூர் எதில் முந்துவது? நிறுவனம் ஆழ்ந்து சிந்தித்து ஒரு சிறப்பைக் கண்டெடுத்தது: கோலாலம்பூரை ஒட்டி ஆளில்லாத நிலம் இருக்கிறது! ஈஜோக்குக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அட்டவணையில் பதினான்காம் வரி. மக்கள்தொகை: பூஜ்யம்.

அவர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். கோல சிலாங்கூரிலிருந்து தினமும் அந்தச் சாலை வழியாகத்தான் காரோட்டி வேலைக்கு வருகிறார். அன்று காலையில்கூட அந்தத் தோட்டத்துச் சந்தியில் பள்ளிப் பேருந்து பிள்ளைகளை ஏற்றி முடிக்கும்வரை ஆறு நிமிடம் காத்திருந்திருக்கிறார். எழுந்து நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

“தம்பி, இஞ்ச சனம் இருக்குது. நான் காலமை பாத்தனான்.”

“அக்கா, சிஸ்டத்துல சீரோதான் காட்டுது லா.”

“சிஸ்டம் அந்த ரோட்டால வாறதில்லை. நான் வாறன்.”

“போற வழியில பாத்ததெல்லாம் டேட்டா ஆயிடுமாக்கா? பேங்காக்காரன் ரெண்டு ஏர்போட்ட வச்சிக்கிட்டு நம்மள மிரட்டுறான். ஜகார்த்தா ஃபேக்டரி எண்ணும் நம்மள தாண்டிடுச்சு. இந்த நேரத்துல எஸ்டேட்டா!”

இதில் என்ன பெரிய தவறு என்று அவையில் எவரேனும் எண்ணக்கூடும். ஒப்பந்தத்தின் ஆறாம் விதியைச் சொல்கிறோம். நிலத்தில் குடியிருப்போருக்கு முதலீட்டாளர் மாற்று வீடு கட்டித் தரவேண்டும். எத்தனை வீடு என்பதை அட்டவணையில் உள்ள தலைக்கணக்கு தீர்மானிக்கும். தலை பூஜ்யமென்றால் வீடும் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கூரை போட்டுத் தருமளவுக்கு இளகிய மனம் படைத்த முதலாளி ஐந்து நகரங்களில் எதிலும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். தொழிலாளர் வரிசை வீடுகளில் முதல் லயத்தின் முதல் வீட்டில் வேலம்மா என்பவர் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தார்.

“என்னாம்மா, வோட்டு கேக்க வந்தீங்களா?”

“இல்லை. எத்தனை பேர் இருக்கிறியள் எண்டு எழுத வந்தனான்.”

“ஏன், கொறையுதா?”

“நீங்கள் ஒருத்தரும் இல்லையாம். கணக்கு அப்பிடிச் சொல்லுது.”

வேலம்மா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். “நாப்பது வருசமா இங்கதான் கெடக்கோம். எவன் சொன்னான் இல்லன்னு? அவன இங்க வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லுங்க லா!”

அறுபத்தொரு வீடுகள். பிறந்து ஒன்பது நாளான குழந்தை உட்பட இருநூற்று எண்பத்தேழு பேர். பெரியவர்களின் அடையாள அட்டைகளையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்த்தபோது அவருக்கு விஷயம் பிடிபட்டது. எல்லாவற்றிலும் ஒரே முகவரி: சந்தியில் இருக்கும் ரெங்கசாமி மளிகைக் கடை. உள்சாலை சேறாகிக் கிடப்பதால் தபால்காரர் அங்கே வருவதில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ரெங்கசாமி, “என் கடை எட்ரஸையே போட்டுக்கங்க, காயிதம் வந்தா நா எடுத்து வைக்கிறேன்” என்று சொன்னார். உதவிதான். இன்றும் லயத்துக்கு ஒரு பிஸ்கட் டின் வைத்துக் கடிதங்களைப் பிரித்துப் போடுகிறார். நம் நிறுவனமோ அடையாள அட்டை முகவரியைக் கொண்டே மக்களை எண்ணியது. தோட்டம் காலியானது, கடை நிரம்பியது.

“இருநூத்தி எம்பத்தேழு பேரு என் கடையில குடியிருக்காங்களா?” என்று ரெங்கசாமி கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். “அப்ப நா எங்க படுக்கறதும்மா?”

அவர் கடையை அளந்தார். நூற்று முப்பது சதுர மீட்டர். அன்று மாலையே கணக்கிட்டார். கோலாலம்பூரில் சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரம் பேர். உலகமே வியக்கும் மணிலாவில் நாற்பதாயிரத்துக்கு மேல். ரெங்கசாமி மளிகைக் கடையில் இருபத்திரண்டு இலட்சம்! ஐந்து நகரங்களையும் ஒரு மளிகைக் கடை தோற்கடித்த செய்தி நம் நிறுவனத்தின் சொந்தக் கோப்பிலேயே இருந்தது. முதலீட்டாளருக்குத் தெரிவித்துப் பெருமைப்பட்டிருக்கலாம். எவரும் கவனிக்கவில்லை.

திருத்தப் படிவம் நிரப்பினார். அதில் இரண்டே கட்டங்கள்: ‘திருத்தியவர்’, ‘சரிபார்த்தவர்’. இரண்டும் நிரம்பினால் திருத்தம் முதலீட்டாளருக்குப் போயே தீரவேண்டும். மேலாளர் மறுக்க வழியில்லை. முதல் கட்டத்தில் அவர் கையொப்பமிட்டார். இரண்டாம் கட்டத்துக்காக எங்கள் மேசைகளுக்கு வந்தார்.

இங்கேதான் எங்கள் வீரம் தொடங்குகிறது.

“அக்கா, எனக்கு இன்னும் வேல கன்ஃபர்ம் ஆகல” என்றார் நித்தியா. “அடுத்த மாசம் பண்றேன்கா” என்றார் பவனேஷ். அறிக்கை அதற்குள் போய்விடும் என்பது பவனேஷுக்கு நன்றாகத் தெரியும். சுகுமாரன் படிவத்தைக் கண்டதும் காலை பத்தரை மணிக்கே மதிய உணவுக்குப் புறப்பட்டார். பன்னிரண்டரைக்கு மீண்டும் ஒருமுறை புறப்பட்டார். மற்ற எண்மரின் காரணங்கள் இவற்றைவிட மோசமானவை என்பதால் இங்கு சேர்க்கவில்லை. ஏழு வாரம். பதினொரு பேனா. ஒரு கையொப்பம் இல்லை.

அவையோரே, எங்களில் ஏழு பேர் லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் எங்கள் பெற்றோர் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு வெளியேறிய கதையைத் தீபாவளிதோறும் கேட்டுக் கொதிப்பவர்கள். “அப்போ நம்மாளு ஒருத்தன் ஆபீஸ்ல இருந்திருந்தா!” என்று அப்பா சொல்வார், நாங்களும் தலையாட்டுவோம். இப்போது நம்மாள் பதினொரு பேர் ஆபீசில் இருந்தோம். ஏர்கண்டிஷன் குளிராக இருந்தது. எங்கள் பெயருக்கு எதிரே ஓர் அட்டவணை பூஜ்யம் போட்டால் எப்படிக் குதித்திருப்போம்! அவர்கள் பெயருக்கு எதிரே போட்டபோது எழுத்துரு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். அவரோ தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி வீட்டுப் பேத்தி. லயத்தில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அவர் ஒருவர்தான் மேசை மேசையாக அலைந்தார். இதை எழுதும்போது எங்களுக்கு வரும் கோபத்தை யார் மீது போடுவதென்று தேடிப் பார்த்தோம். கண்ணாடியைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை.

மேலாளர் அவரைச் சமாதானப்படுத்தினார். “அக்கா, இன்னும் கொஞ்ச நாள்தானே. கேக்கு வெட்டிட்டு நிம்மதியா போங்க லா.”

“நான் போறது சரி தம்பி. அவையள் எங்க போறது?”

அதற்கு விடையாக நிறுவனம் அவருக்கு ஒரு பயணப்பெட்டியைப் பரிசளிக்க முடிவு செய்தது. சக்கரம் வைத்தது. இதோ மேடையில் நிற்கிறது.

நேற்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. இழுப்பறையைக் காலிசெய்தார், குவளையைக் கழுவினார், அந்தப் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். நித்தியா பார்த்துவிட்டார்.

“அக்கா, அது ஆபீஸ் பேப்பராச்சே?”

“ரெண்டாவது கையெழுத்து இல்லாட்டி இது ஆபீஸ் பேப்பர் இல்லைப் பிள்ளை. என்ட கடுதாசி.”

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம். அதற்குப் பழக்கப்பட்டவர்கள் நாங்கள். அவர் பிள்ளை என்றுதான் சொன்னார்.

அம்மையீர்! இனி மீண்டும் தங்களிடமே பேசுகிறோம். இன்று மதியம் வாழையிலைச் சோற்றுக்கு முன் தாங்கள் கைகழுவச் சென்ற வேளையில், தங்கள் கைப்பையிலிருந்து அந்தப் படிவம் எடுக்கப்பட்டது. எடுத்தவர் நித்தியா. பொறுப்பு பதினொருவருக்கும். சும்மா எடுக்கவில்லை: முற்பகலில் எங்களில் நால்வர் மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், வீடு வீடாக எண்ணித் திரும்பினோம்; மற்ற எழுவர் அந்தப் பெயர்களை நிறுவனக் கோப்போடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பார்க்காததைச் சரிபார்த்தேன் என்று எழுதத் தாங்கள் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. வேலம்மா எங்களை வீட்டுக்குள் விடவே இல்லை. “அந்தம்மா எழுதிட்டுப் போச்சே, நீங்க எதுக்கு? அது பொய் சொல்லுமா?” என்று வாசலிலேயே நிறுத்தித் திட்டினார். அத்தனையும் எங்களுக்கு உரியது. அவர் வீட்டை வாசலில் நின்றே எண்ணினோம்; இருநூற்று எண்பத்தேழு சரியாக இருக்கிறது.

அறிக்கை நாளைக் காலை முதலீட்டாளருக்குப் போகிறது. திருத்தியவர் இன்னும் பணியில் இருக்கும்போதே, அவருடைய கணினியிலிருந்தே திருத்தம் போகவேண்டும் என்பது விதி. மேலாளர் அவர்களே, விதிப்புத்தகம் தங்கள் நாற்காலிக்கடியில் இருக்கிறது. பக்கம் பன்னிரண்டில் அடையாளம் வைத்திருக்கிறோம்.

எண்ணப்பட வேண்டியவரை எண்ணியவரே! தாங்கள் உடல்நலம் குன்றாமல், கண் மங்காமல், ஈஜோக் சாலையின் பள்ளங்களைத் தங்கள் இடுப்பு அடியோடு மறந்துபோகும் அளவுக்கு நெடுங்காலம் வாழவேண்டும். தங்களிடம் கற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இதுவரை உரிமை இருந்ததில்லை. இன்று பிற்பகல் முதல் கொஞ்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
நித்தியா, பவனேஷ், சுகுமாரன், கலாவதி, அன்பரசி, நல்லசாமி, மகேந்திரன், விஜயராணி, நிமல், ரூபிணி, வடிவேலன்.

இதே பதினொரு பெயர்களும் இதே வரிசையில் படிவத்தின் ‘சரிபார்த்தவர்’ கட்டத்திலும் இடப்பட்டுள்ளன. ஒன்றே போதும் என்று விதி சொல்கிறது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நிகழ்ச்சி நிரலின்படி இவ்வரி வாசிக்கப்படும்போது மணி நான்கு பத்து. இன்னும் ஐம்பது நிமிடம் தாங்கள் எங்கள் மேற்பார்வையாளர். தங்கள் கணினியை அணைக்காமல் வைத்திருக்கிறோம். படிவம் விசைப்பலகை மேல் இருக்கிறது. எழுந்து போய் அனுப்பிவிட்டு வாருங்கள் அக்கா. கேக்கை அதுவரை யாரும் தொடமாட்டோம்.