சந்தனம் பூசிய நைட்ரஜன் கேன்

அனுப்பிரியா, வயது 29, த/பெ தரணீதரன், அருள்புரம். 14.10.2025 காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வது:

நான் மேற்படி ஊரில் குடியிருந்து, பனியன் துணிக்குப் போடும் சாயம் கல்லீரலை என்ன செய்கிறது என்று சோதிக்கும் தனியார் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அதற்கு மனிதக் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறோம். அவை பல்லாண்டுகளுக்கு முன் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, அன்று முதல் ஆய்வகங்களில் பெருக்கி வருபவை. யாரையும் கொன்று எடுத்ததல்ல. இதை இங்கே ஐந்தாவது முறையாகச் சொல்கிறேன். அவற்றில் பன்னிரண்டு குப்பிகள், சாயத்தைத் துளித்துளியாகக் கொடுத்து நான் பதினான்கு மாதம் வளர்த்தவை. விலைக்குக் கிடைக்காது. திரவ நைட்ரஜன் கேனின் குளிரில்தான் உயிரோடிருக்கும்.

கடந்த 01.10.2025 அன்று அந்தக் கேனை நிரப்ப நைட்ரஜன் டிப்போவில் கொடுத்தேன். ஆயுத பூஜை என்பதால் டிப்போக்காரர் ஆத்தப்பன் எல்லாக் கேன்களையும் வரிசையாக வைத்து, பெயர் எழுதிய இடத்தின் மேலேயே பட்டையாகச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு நான் எடுத்து வந்தது, மாடுகளுக்குச் சினை ஊசி போடும் திருமூர்த்தியின் கேன். உள்ளே காளை விந்து இருந்தது. என் கேன் அவரிடம் போய்விட்டது.

அதன் பிறகு 04.10.2025 அன்று திருமூர்த்தி, காங்கேயம் பக்கத்து விவசாயி பெருமாள்சாமியின் தொழுவத்தில் கேனைத் திறந்து, குப்பியின் மேல் ‘மனிதக் கல்லீரல் புற்றுநோய்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்திருக்கிறார். மாட்டுக்கு எதுவும் போடவில்லை. ஆனாலும் பெருமாள்சாமி, “ஏனுங்க, என்ற மாட்டுக்குப் புத்துநோயப் போடப் பாத்தீங்களா?” என்று கேனோடு இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுக்க, அது வழக்குச் சொத்தாகிவிட்டது.

நைட்ரஜன் தானாகவே குறையும், மூடியைத் திறந்தால் இன்னும் வேகமாகக் குறையும், நிரப்ப விடுங்கள் என்று மறுநாள் முதல் தினமும் வந்து கரடியாகக் கத்தினேன். நிலைய எழுத்தர், “ஈரலுக்குச் சொந்தக்காரரு பேரச் சொல்லு கண்ணு, பாரத்துல அந்தக் கட்டம் காலியா கெடக்குதல்லோ” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இதற்கிடையில் டூட்டி மாறி வந்த ஒவ்வொருவரும் புகை வருவதைப் பார்க்க மூடியைத் திறந்தார்கள். ஒருவர் செல்போனில் படம்கூட எடுத்தார். நிரப்புவதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டுமாம். புகை பார்க்க உத்தரவு வேண்டாமாம்.

அதன் பிறகு பெருமாள்சாமி புகாரைத் திரும்பப் பெற்று, உத்தரவும் வந்து, இன்று கேனை என்னிடம் கொடுத்தார்கள். திறந்தேன். புகை வரவில்லை. கையை உள்ளே விட்டேன். குளிரவில்லை.

பன்னிரண்டு குப்பிகளையும் சேதமின்றிப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வைத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். குப்பி எதுவும் உடையவில்லை, வாஸ்தவம்தான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், சொன்னபடிதான் இருக்கிறது. ‘சேதமின்றி’ என்ற சொல்லை மட்டும் என் கையாலேயே அடித்துவிட்டுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) த. அனுப்பிரியா