என் தங்கை வீட்டில் நான் மாட்டிய பல்பு

மணிக்கட்டில் கடிகாரத்தையும் மனத்தில் பொறுமையையும் கட்டிக்கொண்டு மேடை நடுவே அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! அனுபவத்தால் கனிந்து முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு அவசரமாய் வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரோடு சுவராய் ஒட்டி நிற்கும் இளையோரே! உங்கள் தெருமுனை மின்சாமான் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

குண்டு பல்புக்குப் பின் எந்தப் பல்பு? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. குண்டு பல்பு வரத்து குறைந்தது, தேய்ந்தது, நின்றே போனது. பழகிய வெளிச்சம் பறிபோகிறதே என்று பதறுகிறீர்கள். ‘பல்பு வாங்கினான்’ என்றால் ஏமாந்தான் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரியுங்கள்! முப்பது ஆண்டாய்ப் பல்பு விற்ற நானே ஒருமுறை பல்பு வாங்கியவன். ஆனால் சிரிப்பு இத்தோடு சரி.

என் தங்கைக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டு கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அப்போது நடுக்கடலில் இருந்தார். மூன்றாம் நாள் தாயையும் சேயையும் வீட்டுக்கு அழைத்து வந்தவன் நான். வெளியே விடாத மழை. சன்னலெல்லாம் சாத்தியபடி. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. அந்த நேரம் பார்த்து அறையிலிருந்த குண்டு பல்பு ஃபியூஸ் போனது.

“அண்ணா, வெள்ளை லைட்டு வேணாம், பாப்பாவுக்குக் கண்ணு கூசும். பழைய மாதிரி மஞ்சளா ஒண்ணு போட்டுக் குடு” என்றாள்.

கடைக்குப் போனேன். எதை எடுத்தேன்? நல்ல பல்புகள் நாலு அடுக்கு நிறைய இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, செய்தவன் பெயர்கூட இல்லாத பெட்டியில் யாரோ மாதிரிக்குக் கொடுத்துப்போன மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்றை எடுத்தேன். மாட்டினேன். எரிந்தது. எரிந்தால் போதாதா என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என் முதல் தவறு.

மறுநாள் தங்கை கூப்பிட்டாள், வீட்டுக்குப் போனேன்.

“அண்ணா, பாப்பா மஞ்சளா தெரியுறாடா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அட, பல்பே மஞ்சள்தானேம்மா! என் வெள்ளைச் சட்டையப் பாரு, அதுவும் மஞ்சளாத்தான் இருக்கு. சட்டைக்கும் காமாலையா?”

அவள் சிரிக்கவில்லை. “சரியா பாலும் குடிக்க மாட்டேங்குறா. எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுறா” என்றாள்.

“பச்சப்புள்ள தூங்காம பின்ன கணக்கா பார்க்கும்? உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்.”

பெரியோர்களே! பயம் என்றேனே, அது பயமா? பெற்றவளின் பார்வையல்லவா! அதைப் பல்புக்காரனின் படிப்பால் நான் மூடினேன். அதோடு நின்றேனா? அவள் கவலையைத் தீர்ப்பதாக எண்ணி, நீலம் பூத்த வெள்ளை வெளிச்சம் தரும் இன்னொரு மலிவுப் பல்பை எடுத்துப்போய் மாட்டினேன். அதன் கீழே சுவர் வெளுத்தது, துணி வெளுத்தது, குழந்தையும் வெளுத்தது.

“பாத்தியா? வெள்ளையா இருக்கா! நான் சொல்லல?”

என் தங்கை என் முகத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். “நீ சொன்னா சரிண்ணா” என்றாள். ஒரு முழு நாள் போனது, தாய்மார்களே! ஒரு முழு நாள்!

அடுத்த நாள் காலை மழை விட்டது. நான் போனபோது தங்கை குழந்தையை ஏந்தி வாசற்படியில் நின்றாள். பிஞ்சு நெற்றியில் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் மஞ்சள். இமையை விலக்கினாள். விழி வெண்மையும் மஞ்சள். பகல் வெளிச்சத்துக்கு என்ன சமாதானம் சொல்வேன்? எந்தச் சட்டையைக் காட்டுவேன்?

“நிக்காதண்ணா, வண்டிய எடு!” என்று கத்தினாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் கேட்டார், “எப்ப இருந்து இப்படி?”

“ரெண்டு நாளா” என்றாள் தங்கை.

“ரெண்டு நாளா பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தரை பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அந்த நீண்ட தாழ்வாரத்தில் நடந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி நடந்தேன். பதினோரு ஆண்டு காத்திருந்து பெற்ற பிள்ளை. கடலில் இருக்கும் தகப்பனுக்கு நான் என்ன சேதி அனுப்புவேன்?

டாக்டரம்மா வந்தார். “காமாலை அளவு ரொம்ப அதிகம். இன்னும் ஏறினா மூளையப் பாதிக்கும். உடனே லைட்டுக்கு அடியில வைக்கணும்” என்றார். கண்ணைக் கட்டி, காமாலைக்கென்றே உள்ள நீல விளக்கின் கீழே குழந்தையைக் கிடத்தினார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. அவ்வப்போது இரத்தம் எடுத்து அளவு பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை, “இறங்கிடுச்சு. பசிக்குதுன்னு அழுறா பாருங்க, தூக்கிக்கோங்க” என்றார் டாக்டரம்மா. நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

தங்கை என்னைத் திட்டவில்லை. “உன் மேல கோவம் இல்லண்ணா. என் கண்ணு சொன்னத விட்டுட்டு உன் வாயி சொன்னத நம்பினேன் பாரு, என் மேலதான் கோவம்” என்றாள். அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

என்னக்கா கேக்குறீங்க? எத்தனை வாட் வாங்கணுமா? சொல்கிறேன். வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம்; லூமன் என்பது அது தரும் வெளிச்சம். பழைய அறுபது வாட்டுக்கு ஈடாக எண்ணூறு லூமன் பாருங்கள். கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். இரண்டாயிரத்து எழுநூறு என்றால் குண்டு பல்பின் இதமான மஞ்சள், ஆறாயிரத்துக்கு மேலே கண்கூசும் வெள்ளை. இதெல்லாம் பார்ப்பவர் உண்டு. சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பார்ப்பவர் உண்டா? நிறத்தை உள்ளபடி காட்டும் திறத்துக்கு அது மதிப்பெண். நூற்றுக்குத் தொண்ணூறு இருந்தால் உத்தமம். எண்பதுக்குக் கீழே இருந்தால் கடைக்காரன் நானாகவே இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்!

ஆனால் எண்ணைவிடப் பெரியது ஒன்றுண்டு. காய்ச்சலில் கிடக்கும் முகத்தை, புண்ணின் சிவப்பை, மாத்திரையின் நிறத்தை, பிறந்த பிள்ளையின் மேனியை விளக்கை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சன்னலைத் திறந்து பகலில் பாருங்கள். ஐயம் வந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். பெற்றவள் ‘பயமா இருக்கு’ என்றால், பல்பை ஆராயாதீர்கள், பிள்ளையைத் தூக்குங்கள்!

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. சென்ற வாரம் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். நான் ஒரு பல்பை ஏற்றிக் காட்டினேன். தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்து விளக்கடியில் நீட்டி, உள்ளங்கையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “இது வேணாம்ணா, வேற காட்டு” என்றாள். வாய் திறக்காமல் வேறு எடுத்துக் காட்டினேன்.

பொறுத்திருந்து கேட்ட பெருமக்களுக்கும், மணியடிக்காமல் என்னை முடிக்கவிட்ட தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.