ஒரு காதுக்குப் பஞ்சு

பாலேஸ்வரி: கொஞ்சம் நில்லடா. இதைச் சட்டைப் பைக்குள்ளை வை.

சுகிர்தன்: என்னம்மா... நெருப்புப்பெட்டியோ? நான் எப்ப சிகரெட் பிடிச்சனான்?

பாலேஸ்வரி: பகிடி விடாதை. உள்ளுக்குப் பஞ்சு. அவங்கள் மேளத்திலை கைவைக்க முதல் காதிலை வைச்சிடு.

சுகிர்தன்: மேளமில்லையம்மா, ட்ரம்ஸ். மூண்டு வருசமா கசெட்டிலை கேட்ட பாண்ட். இண்டைக்குத்தான் நேரிலை பாக்கப்போறன். அதுக்குக் காதை அடைக்கிறதோ?

பாலேஸ்வரி: ஊரிலை ஷெல் விழுந்து வலக்காது போயிட்டுது. இருக்கிற ஒண்டையும் குடுத்திட்டு வந்து நில்லாதை.

சுகிர்தன்: ஒரு உருண்டைதான் கிடக்கு?

பாலேஸ்வரி: கேளாத காதுக்கு என்னத்துக்குப் பஞ்சு?

சுகிர்தன்: பஞ்சிலையும் மிச்சம் பிடிக்கிறியளோ! சரி... சரி, வைச்சிட்டன். கொன்ஸ்ரன்ரைன் கொட்டாஞ்சேனையிலை இருந்து வந்து கீழை காத்துக்கொண்டு நிக்கிறான்.

பாலேஸ்வரி: ஐடென்டிக் கார்ட்?

சுகிர்தன்: கார்ட், பொலிஸ் பதிவு, பஞ்சு... எல்லாம் இருக்கு. பின்னேர ஷோதானே, பொழுதுபட வந்திடுவன்.

*

பாலேஸ்வரி: இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?

கொன்ஸ்ரன்ரைன்: காணும் அன்ரி.

பாலேஸ்வரி: சுகிர்தன் போய் ஒரு வருசம், ஆட்டைத் திவசம் தம்பி. இண்டைக்குக் காணும் எண்டு சொல்லப்படாது.

கொன்ஸ்ரன்ரைன்: ...கொஞ்சமா போடுங்க.

பாலேஸ்வரி: பிள்ளை எங்கை இருந்து பாத்தவன் எண்டு சொன்னனீர்?

கொன்ஸ்ரன்ரைன்: முன்வரிசை. எங்க இருந்தான்... ஷோ முடியுமட்டும் நிண்டுதான் பாத்தவன்.

பாலேஸ்வரி: சந்தோசமா இருந்தவனோ?

கொன்ஸ்ரன்ரைன்: தொண்டை கட்டுமட்டும் கத்தினான் அன்ரி. அந்தச் சந்தோசத்தோடதான் பஸ் ஹோல்ற்றுக்கு வந்தவன். நான் கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போனன். அப்பதான் குண்டு...

பாலேஸ்வரி: அது தெரியும். சாப்பிடும்... பஞ்சு வைச்சவனோ?

கொன்ஸ்ரன்ரைன்: வைச்சவன். ட்ரம்ஸ் தொடங்கவே வைச்சிட்டான்.

பாலேஸ்வரி: ரெண்டு காதிலையும்?

கொன்ஸ்ரன்ரைன்: ஓம் அன்ரி. ரெண்டிலயும்.

பாலேஸ்வரி: நான் ஒரு காதுக்குத்தான் குடுத்து விட்டனான்.

கொன்ஸ்ரன்ரைன்: எனக்குச் சோறு காணும் அன்ரி.

பாலேஸ்வரி: கையை எடுக்காதையும். சாப்பிட்டுக்கொண்டே சொல்லும். ஷோ நடந்த ஹோலுக்குள்ளை போனனீங்களோ?

கொன்ஸ்ரன்ரைன்: ...இல்லை.

பாலேஸ்வரி: எங்கை மறிச்சவங்கள்?

கொன்ஸ்ரன்ரைன்: ஹோலுக்குப் பின்பக்கத்து செக்பொயின்ற்றில. யாழ்ப்பாணத்து ஐடென்டிக் கார்ட் எண்டு...

பாலேஸ்வரி: கார்டுக்கோ, நெருப்புப்பெட்டிக்கோ?

கொன்ஸ்ரன்ரைன்: அன்ரி, விடுங்க...

பாலேஸ்வரி: ஒரு வருசம் விட்டாச்சு.

கொன்ஸ்ரன்ரைன்: ...பெட்டியத் திறந்து பாத்திட்டு ஆமிக்காரன் கேட்டான், பாட்டுக் கேக்கப் போறவனுக்குக் காதை அடைக்கப் பஞ்சு என்னத்துக்கு எண்டு. நான் சிங்களத்தில எவ்வளவோ சொல்லிப் பாத்தன். நம்பேல்ல. பெரியவர் வரட்டும் எண்டு நிப்பாட்டி வைச்சாங்க. அவர் வந்து சிரிச்சிட்டுப் போகச் சொல்லேக்குள்ள ஷோ முடிஞ்சுது.

பாலேஸ்வரி: அப்ப அவனுக்கு ஒண்டுமே கேக்கேல்லையோ?

கொன்ஸ்ரன்ரைன்: மதிலுக்கு அங்கால ட்ரம்ஸ் மட்டும் கேட்டுது. நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிண்டான். மண்மூட்டையில விரலால தட்டித் தட்டி, இது இந்தப் பாட்டு, இது இந்தப் பாட்டெண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு...

பாலேஸ்வரி: பிறகேன் என்னட்டைப் பொய் சொன்னனீர்?

கொன்ஸ்ரன்ரைன்: பொய் அவன்ர அன்ரி. பஸ் ஹோல்ற்றுக்கு வரேக்குள்ள சொன்னவன்... பஞ்சால மறிச்சவங்கள் எண்டு அம்மாவுக்குத் தெரியக்கூடாது, ஷோ பாத்தம் எண்டு சொல்லுவம் எண்டு.

பாலேஸ்வரி: ஆஸ்பத்திரியிலை சட்டையோடை பெட்டியைத் தந்த அண்டைக்கே எனக்குத் தெரியும் தம்பி. நான் இறுக்கி உருட்டின பஞ்சு. ஆரோ நகத்தாலை பிச்சுப் பிச்சுப் பாத்திருந்தவங்கள். இப்பவும் அப்பிடியேதான் கிடக்கு... நான் திரும்ப உருட்டேல்லை.