முன் இடது சக்கரம்

பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி என்றால் ஏதாவது சத்தம் போடத்தான் செய்யும், ஐயா. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் சுதர்ஷனின் வண்டியைப் பற்றிக் கேட்கத்தான் பாடாங் செராய் வரை வந்திருக்கிறீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன். தேநீர் ஆறிவிடும், குடியுங்கள்.

என் மனைவி இறந்துபோன பிறகு இந்தப் பட்டறையும் என் மகள் ரூபினியும்தான் எனக்கு மிச்சம். சமையல் அவள், பட்டறைக்குச் சாமான் வரவழைப்பது அவள். என் மூக்குக் கண்ணாடி எங்கே கிடக்கிறது என்பதுகூட அவளுக்குத்தான் தெரியும். சுதர்ஷன் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் துணை நிர்வாகி. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். மரியாதையான பையன், வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். அவன்மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரூபினியை அவனுக்குக் கட்டிவைக்கச் சம்மதித்தது நான்தான். அவனுடைய அம்மா சிவபாக்கியத்தோடு கோயிலுக்குப் போய் நாள் குறித்ததும் நான்தான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சரவாக்கில் வேலை கிடைத்தது. மீரிக்கும் அப்பால் ஓர் எஸ்டேட். கடல் தாண்ட வேண்டும். ரூபினி சந்தோஷமாக ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள். தினமும் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் நான் படுக்கப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வண்டியைக் கொண்டுவந்தான். “டயர் சத்தம்னு சொல்றாங்க அங்கிள். எனக்கு அப்படித் தெரியல லா. இந்தச் சத்தம் மட்டும் போயிட்டா போதும், ரூபினி பயப்படுறா” என்றான்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தேன். காய்ச்சல்காரன் முனகுவதைப் போல அடியில் ஒரு சத்தம். டயராக இருந்தால் சாலை மாறும்போது சத்தமும் மாறும். புதுத் தாரிலும் எஸ்டேட் மண் சாலையிலும் அது மாறவில்லை. அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பல்சக்கரமாக இருந்தால், எண்ணெய் மிதியை அமுக்கும்போது ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல். இது இரண்டுக்கும் ஒரே குரலில் பேசியது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் வளைத்தேன், கூடியது. இடப்பக்கம் வளைத்தேன், அடங்கியது. வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடப்பக்கம் சாயும். முன் இடது சக்கரத்து பேரிங் போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவனிடம், பயப்பட ஒன்றுமில்லை, விட்டுவிட்டுப் போங்கள் மாப்பிள்ளை என்று சொல்லி அனுப்பினேன். சக்கரத்தைக் கழற்றினேன். உருளைகள் அரித்துப்போய், அவற்றைப் பிடித்திருந்த கூடு விரிந்திருந்தது. சூட்டில் இரும்பு நீலம் பாரித்திருந்தது. புது பேரிங் சுங்கை பட்டாணியில் கிடைக்கும். அன்றைக்கே வாங்கிப் போட்டிருக்கலாம்.

நான் பழையதையே துடைத்து, கெட்டி கிரீஸை அப்பி, திரும்பப் பொருத்தினேன். சக்கரம் ஆடியது. நட்டை இறுக்கினேன், ஆட்டம் நின்றது. அந்த நட்டைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்விதான், ஐயா. அவ்வளவு இறுக்கக் கூடாது. சமதரையில் கொஞ்ச நாள் ஓடும். இறக்கத்தில் சூடேறினால் தாங்காது. சுதர்ஷன் லீவு கிடைத்தால் தனியாக வண்டியில் ஜெராய் மலை ஏறிப் படம் பிடிக்கிறவன்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கால் ஒடிந்தால் போதும், சரவாக் வேலை வேறு யாருக்காவது போய்விடும் என்றுதான் கணக்குப் போட்டேன். பிறகு அவர்கள் இங்கேயே இருந்திருப்பார்கள். மேல்மாடியில் ஓர் அறைகூட ஒழித்து வைத்திருந்தேன். அவன் சத்தம் போக வேண்டும் என்று கேட்டான். சத்தத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை அவன் வண்டியை எடுக்க வந்தான். மலைக்குப் போவதாகச் சொன்னான். ரூபினி உள்ளே போய்ச் செருப்பை மாற்றிக்கொண்டு வந்து, நானும் வருகிறேன் என்று அவன் பக்கத்தில் ஏறினாள். நம் ஊர் வண்டியில் பக்கத்து இருக்கை இடப்பக்கம். சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலே.

கண்ணாடியை இறக்கி என்னைக் கேட்டாள். “அப்பா, சத்தம் போயிருச்சா?”

நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“போயிருச்சும்மா” என்றேன்.

இறங்கு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவள் கேட்டிருப்பாள். அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். வண்டி முனை திரும்பும்வரை நின்று கேட்டேன். சத்தமே இல்லை. வேலை சுத்தமாக இருந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் சக்கரம் கழன்றது. வண்டி கீழே மரங்களுக்குள் போய்விட்டது. சுதர்ஷனுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. ரூபினிக்கு முதுகெலும்பு ஒடிந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. சிவபாக்கியம் அம்மா சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது என் மகனுக்கு அந்தக் காடியை நல்லாப் பாத்துக் குடுத்தீங்களே என்று அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆமாம். பேரிங் கெட்டது தெரிந்து, தெரிந்தே அனுப்பினேன். என் மகள் ஏறியதைப் பார்த்தும் அனுப்பினேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். மணிக்கொரு தரம் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் நான்தான். தலைகூட நான்தான் பின்னிவிடுகிறேன், அவளுடைய அம்மா பின்னுவதைப் போலவே.

அவளுக்குப் பேச்சில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். உண்மைதான். பார்க்க வருகிற நர்ஸோடு பேசுகிறாள், போனில் சிவபாக்கியத்தோடு நெடுநேரம் பேசுகிறாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நான் உள்ளே போனதும் நிறுத்திவிடுகிறாள், என்னோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பா பக்கத்தில் வந்த பிறகு, பிள்ளைக்கு வேறு யாரோடு பேச என்ன இருக்கிறது?