சேறு ஒட்டாத வருஷம்

— இரு இரு. நாப்பது பேரயும் நீ கேக்கவே இல்லன்றாரா அந்த ஆளு?

— ஆமா பெரிம்மா. ரூம்ல உக்காந்துகினு நானே கத கட்டி எழுதிட்டனாம். அப்டித்தான் எழுதி அனுப்பிகீறாரு.

— எந்த ஊரு ஆளு அவரு? நம்பர குடு, நான் பேசறன். மலர்க்கொடி பேசறன், நடவு செட்டு மேஸ்திரி பேசறன், ஷாரோனு எங்க வூட்டு வாசல்ல வருசக்கணக்கா வந்து குந்திகினு கேட்டாடான்னு சொல்றன்.

— யாருன்னே எனக்குத் தெரியாது பெரிம்மா. பேரு சொல்ல மாட்டாங்க. தீசிஸ ரெண்டு பேருக்கு அனுப்புவாங்க. ஒருத்தரு நல்லா கீதுன்னு குடுத்துட்டாரு. இன்னொருத்தருதான் திருப்பி அனுப்பிட்டாரு.

— மொதல்ல தண்ணி குடி. மொகமெல்லாம் செவந்து பூட்சி. மானாம்பதி கூட்ரோட்லேர்ந்து இந்த ஏரிக்கர வரைக்கும் வெய்யில்ல நடந்தா வந்த? நாஷ்டா துன்னியா?

— இல்ல. பஸ்ஸ விட்டு எறங்கனதும் நீ நூறு நாளு வேலைக்கு வந்துகீறன்னு சொன்னாங்க. நேரா இங்க வந்துட்டன். இன்னும் வூட்டுக்குக்கூட போவல.

— மேரிகிட்ட சொல்லல?

— அம்மாவுக்கு நான் வந்ததே தெரியாது.

— பெத்தவகிட்டகூட சொல்லாம எங்கிட்ட வந்துகீறன்னா பெரிய பேஜாருதான். சொல்லு. இப்ப இன்னா ஆவும்?

— வர்ற முப்பதாந்தேதிக்குள்ள பதில் குடுக்கணும். இல்லன்னா என் ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும். என் கைடு வரதன் சாரும் ஜூன்ல ரிட்டயர்டு. அவரு போயிட்டா வேற யாரும் என்னக் கைல எடுத்துக்க மாட்டாங்க.

— பூடும்னா? ஏளு வருசமும் பூடுமா?

— மொத்தமா.

— அடப் பாவமே. ஏளு வருசமா ஒரே கிளாஸ்ல கீறன்னு ஒன்ன நான் எம்மாம் கிண்டல் பண்ணிகீறன். ஒன்கூட படிச்ச பாண்டியனுக்கு ரெண்டு புள்ள, பெரிசு ஸ்கூலுக்குப் போவுது. நீ முப்பத்தொண்ணு வயசுல பை மாட்டிகினு சுத்தற.

— கிண்டல் பண்ணு, எனக்கு ஒண்ணும் இல்ல. ஸ்காலர்ஷிப்பு நின்னு ரெண்டு வருசம் ஆவுது. ஆஸ்டல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாலு பேரு ஒரு ரூம்ல கீறோம். காலைல ஒரு காலேஜ்ல பாடம் எடுக்கறன். மத்தியானம் டைப்பிங் சென்டர்ல குந்திகினு மத்தவங்க தீசிஸுக்குத் தப்பு பாக்கறன். என்னுத எழுத பஸ்ஸுலதான் நேரம். அதுக்கெல்லாம் நான் என்னிக்காவது அழுதனா?

— இல்லடி. சத்தியமா இல்ல.

— திருட்டு ஆராய்ச்சின்னு சொல்லிட்டாங்க பெரிம்மா. அதான் தாங்கல.

— சரி, சரி. கண்ண தொட. அந்த ஆளுக்கு எதுல சந்தேகம் வந்துச்சாம்?

— தொண்ணூத்தி ரெண்டுல நீங்க தாண்டவராயன் கழனில நாத்து நட மாட்டோம்னு நின்னீங்களே, கூலி ஏத்திக் குடுன்னு, பதினோரு நாளு. என் ஆராய்ச்சியே அதான். அந்தப் பதினோரு நாள்ல யாராவது திருட்டுத்தனமா போயி நட்டாங்களான்னு எல்லாரையும் கேட்டன் இல்ல?

— கேட்ட.

— எல்லாரும் இன்னா சொன்னாங்க? "அந்த வருசம் எங்க ஒருத்தி காலுலயும் சேறு ஒட்டல."

— சரியாத்தான சொல்லிகீறாளுங்க.

— நாப்பது பேரும் பெரிம்மா. ஒரு எழுத்து மாறல. காது கேக்காத இருசப்பன் அம்மாகூட அதே வார்த்த. அவரு நாப்பது எடத்துலயும் சிவப்பு மையில கோடு போட்டுட்டு, நாப்பது மனுசங்க எப்டி ஒரே வாயால பேசுவாங்கன்னு கேக்கறாரு.

— நீ எய்தும்போது ஒனக்கே தெரியலியா?

— தெரிஞ்சிது. எனக்கு அது அழகா இருந்துச்சி. ஊரே ஒண்ணா நின்னுதுன்றதுக்கு இத விட இன்னா சாட்சின்னு, அத்தியாயத்துக்கு அதையே தலைப்பா வெச்சிட்டன்.

— அழகாத்தான் கீது அந்த வார்த்த.

— சிரிக்கிறியா?

— ச்சே, நான் எங்க சிரிச்சன். ஆமா, எங்க எல்லாரையும் கேட்டியே, ஒங்கம்மாவ கேட்டியா?

— சொந்த அம்மாவ கேக்கக் கூடாதுன்னு சாரு சொல்லிட்டாரு. கேட்டா ஆராய்ச்சி ஒரு பக்கமா சாஞ்சிடுமாம். அம்மாவும் பேசியிருக்காது. இந்தத் தலைப்பே வேணாம்னு மூணு நாளு சாப்புடாம கெடந்துச்சி. தாண்டவராயன் வூட்டு ஆளுங்க எதனா பண்ணிடுவாங்கன்னு பயம்.

— அதோ, எம் மருமவ ஏஞ்சலு வர்றா.

— அத்தே, ஆஜருக்கு ரெண்டாவது போட்டோ எடுக்கணும், மம்புட்டியோட நில்லு. ஷாரோன் அக்காவா அது? எப்பக்கா வந்த?

— இப்பத்தான் ஏஞ்சலு. நீயா இங்க சூப்பர்வைசரு?

— ஆமாக்கா, போன மாசத்துலேர்ந்து. மாமியாரு மண்ணு வெட்டறாங்க, மருமவ போட்டோ எடுக்கறா. ஊரே சிரிக்குது. எங்க வூட்டுக்காரருக்கும் சிரிப்புதான்.

— மோகன் சிரிப்பான். அவன் ஒரு நாளு வந்து வெட்டட்டும், அப்ப தெரியும். சீக்கிரம் எட்றி, கை நோவுது.

— இருத்தே, டவரு இல்ல, சுத்திகினே கீது. இன்னாக்கா, பட்டம் குட்துட்டாங்களா? பேனருக்கு ஒன் போட்டோவ எடுத்து வெச்சிகீறாரு அவரு. நம்ம காலனில மொத டாக்டரு. நீ பாஸ் பண்ணா பாதி பட்டத்த எங்க அத்தைக்கு வெட்டிக் குட்துடு.

— ஏன் ஏஞ்சலு?

— பின்ன? நீ கேள்வி கேக்க வர்றதுக்கு முந்தியே வூடு வூடா போயி டிரெய்னிங் குட்துச்சே.

— ஏஞ்சலு, நீ போட்டோவ எடு.

— இன்னா டிரெய்னிங்கு?

— அதாங்க்கா, அந்த சேறு ஒட்டல. எல்லாரும் ரெண்டு வாட்டி சொன்னா புடிச்சிகினாங்க. இருசப்பன் மாமாவோட அம்மாவுக்குத்தான் காதுல கத்திக் கத்தி மூணு நாளு ஆச்சி. நானே கூட கத்துனன். ஆங், ஏறிடுச்சி. மூஞ்சி தெரியல, பரவால்ல. வர்ட்டாக்கா, மதகாண்ட இன்னும் பதினாலு பேரு கீறாங்க. வூட்டுக்கு வா, கொயம்பு வெச்சிகீறன்.

— பெரிம்மா.

— இன்னா?

— என்னப் பாரு. ஏன் இப்டி பண்ண?

— நல்லதுன்னுதான் பண்ணன். சொல்றன் கேளு. முன்ன ஒரு வாட்டி ஏரி மீனு கேசுன்னு போலீசு வந்துச்சி. ஆளுக்கு ஒண்ணு ஒளறுனோம். ஒளறுனதுல ஒரு தப்பும் பண்ணாத எங்கண்ணன் ஆறு மாசம் உள்ள கெடந்தான். அன்னிலேர்ந்து பேனா புடிச்சவன் எவன் வந்து கேட்டாலும் நம்ம காலனில ஒரே பேச்சுதான். நீயும் நோட்டும் போனுமா வந்து நின்ன. நம்ம பொண்ணு பரிச்ச எய்துது, ஆளுக்கு ஒண்ணு சொன்னா பொய்யின்னு பெயிலாக்கிடுவாங்கன்னு நெனச்சிகினன்.

— என்னப் பெயிலாக்குனதே அந்த ஒரே பேச்சுதான்.

— அது எனக்கு இன்னா கண்ணு தெரியும். அந்த வார்த்தைய ரோசன பண்றதுக்கு ஒரு நாளு முச்சூடும் வேலைக்குப் போவாம குந்திகினு இருந்தன். நீ இன்னா, சிரிக்கறியா, அயுவறியா?

— எனக்கே தெரியல பெரிம்மா. நீ சொன்னத அப்டியே எழுதிடறன். ஏன் ஒரே பேச்சு பேசுனாங்கன்னு எழுதுனா வரதன் சாரு ஒத்துப்பாரு, அந்தப் பேரு தெரியாத ஆளும் ஒத்துப்பாரு. அதுல பாதி பிரச்சின தீந்துடும்.

— மீதி பாதி?

— அவரு இன்னொண்ணும் கேட்டுகீறாரு. அந்த வருசம் தை மாசம் தாண்டவராயன் கழனில அறுப்பு நடந்துகீது. நெல்லு அளந்த பழைய நோட்டு கீது, என் தீசிஸ்லயே நான்தான் அதப் போட்டன். ஒருத்தி காலுலயும் சேறு ஒட்டலன்னா நெல்லு எப்டி வந்துச்சி?

— அந்தப் போன அமுத்து.

— ரெக்கார்டு பண்ணல பெரிம்மா.

— மொத்தமா அணச்சி பையில போடு. ஆங். இப்ப சொல்லு. நான் சொல்லலன்னா ஒன் படிப்பு பூடுமா?

— போயிடும்.

— அந்த எடத்த ஒண்டி கிய்ச்சிட்டு மீதியக் குட்தா?

— அதான் புஸ்தகமே. அதக் கிழிச்சா அட்டதான் மிஞ்சும்.

— மெய்யா?

— மெய்யா பெரிம்மா. ஒன் கால்ல வேணா வுழறன்.

— கால்லலாம் வுயாத. குந்து. ஒருத்தி எறங்கனா.

— யாரு?

— கேளு மொதல்ல. எங்கள வழிக்குக் கொண்டார முடியலன்னு திருமுக்கூடல் பக்கத்துலேர்ந்து இருவது பொம்பளைங்கள டிராக்டர்ல இட்டாந்துட்டான் தாண்டவராயன். அவுங்களும் நம்மாட்டம் கூலிதான. வரப்புல நின்னுகினு எறங்க மாட்டோம்னாளுங்க. இந்த ஊருக்காரி ஒருத்தி மொத கட்டு, ஒரு முடி நாத்த நட்டா நாங்க எறங்கறோம், இல்லன்னா எங்களுக்கு எதுக்குப் பொல்லாப்புன்னாளுங்க. பொழுது சாயிற வரைக்கும் நின்னாளுங்க. நாங்க கெலிச்சிட்டோம்னே நெனச்சோம். அப்பத்தான் இவ போயி எறங்கனா.

— எல்லாத்தையும் நட்டாளா?

— ஒரே ஒரு முடி. நட்டுட்டு ஏறி வூட்டுக்குப் போயிட்டா. அத்தோட எங்க பதினோரு நாளும் பூட்சி.

— ஒரு முடி நாத்துக்கு அத்தன பேரையும் வித்துட்டா. அந்தக் கருங்காலியவா இத்தினி வருசம் மூடி வெச்சீங்க?

— அந்த வார்த்த வேணாம் கண்ணு.

— வேற இன்னான்னு சொல்றது? அப்டிப்பட்டவங்களுக்குப் புஸ்தகத்துல அதான் பேரு.

— புஸ்தகத்துல இருந்துட்டுப் போவட்டும். ஒன் வாயால வேணாம்.

— நீங்கல்லாம் பட்டினி கெடந்தீங்க. புளியங்கொட்டைய வறுத்து ஊற வெச்சித் துன்னம்னு நீதான சொன்ன? அவ வூட்ல ஒண்டி ஒல கொதிச்சிகீது.

— ஒல எங்கேர்ந்து கொதிச்சிது. அவளும் பட்டினிதான். வயித்துல எட்டு மாசம். அதுக்கு முந்தி ரெண்டு புள்ள, ரெண்டும் வூட்லயே பொறந்து வூட்லயே பூட்சி. இதுவும் தல திரும்பாம கீது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் புள்ள தங்கும்னு நர்சம்மா சொல்லிட்டா. அப்ப நம்ம பக்கம் காரு வெச்சிருந்தது அவன் ஒருத்தன்தான். ராவோ பகலோ, வலி எடுத்தா செங்கல்பட்டுக்குக் காரு அனுப்பறன்னு சொன்னான். அதுக்கோசரம் ஒரு முடி.

— அனுப்பனானா?

— அனுப்பனான். அத ஒண்டி பொய் சொல்லல அவன்.

— நீங்க இன்னா பண்ணீங்க?

— நாங்க சும்மா இருப்பமா? கொயாயில அவ கொடத்த வெச்சா எட்டி ஒதைப்போம். புள்ளய இட்டுகினு வந்தப்போ ஒருத்தியும் எட்டிப் பாக்கல. ஒரு மாசம் கயிச்சி நான் ஒருத்திதான் போனன். பாக்கறதுக்கு இல்ல, திட்டறதுக்கு. வாயத் தொறக்கறன், அது ஏணையிலேர்ந்து கைய நீட்டி என் வெரல புடிச்சிகிச்சி. உட மாட்டேன்னுச்சி. அப்பால இன்னாத்த திட்டறது.

— அப்பறம்?

— வெளிய வந்து எல்லாரையும் கூப்ட்டன். இது இத்தோட போவணும், அந்தப் புள்ள காதுல என்னிக்கும் வியக்கூடாதுன்னு சொன்னன். நம்மளுங்க சூடத்த அணச்சாளுங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க பைபிள்ல கை வெச்சாங்க. அன்னிக்கி அறுவது பேரு. இப்ப மிஞ்சினது நீ கேட்ட நாப்பது. ஒருத்திகூட வாயத் தொறக்கல பாத்தியா.

— அப்ப டிரெய்னிங்கு எனக்கோசரம் இல்ல.

— ரெண்டுக்கும்தான்னு வெச்சிக்கோயேன்.

— பெரிம்மா, அவங்க எனக்கு வேணும். நான் திட்ட மாட்டன். அந்த வார்த்தைய எடுத்துடறன். பேரையும் மாத்திடறன், தேவயானின்னு வெக்கறன், இன்னாருன்னு ஊருக்கே தெரியாது. அவங்க வாயால ஒரு பத்து நிமிசம் பேசுனாப் போதும், என் ஏழு வருசம் பொழச்சிடும். உயிரோட கீறாங்களா?

— கீறா.

— இந்த ஊர்லயா?

— இந்த ஊர்லதான்.

— அந்தக் கொழந்த? அது பொழச்சிதா?

— பொயச்சிது. ஏளு வருசமா நோட்டும் போனுமா எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுகினு, எவ காலுல சேறு ஒட்டுச்சின்னு கேட்டுகினு கீது.