எதிரணி நாற்காலி

மேடம், எனக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது. வாக்குமூலத்தில் இதை எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரு கடிதத்தைப் பற்றி. அதற்கும் வருகிறேன்.

நான் கலியமூர்த்தி. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். கல்யாணம் கட்டவில்லை. காலாப்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதே வேலையில் இருந்தவன் கண்ணையன். உள்ளூர் கால்பந்து லீக்கில் இருந்த ஆறு கல்லூரிகளில் எங்களுடையவை இரண்டு. இருபத்திரண்டு வருடம் அவன் அணியும் என் அணியும் மோதின. அவன் மைதானத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதனால் இரண்டு பயிற்சியாளருக்கும் அதனடியிலேயே நாற்காலி போடுவார்கள். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டு அவரவர் பையன்களைத் திட்டுவோம். தோற்றவன் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த நாட்களில்தான்.

போன வருடம் சென்னை லீக் ஒன்று எங்கள் இரண்டு கல்லூரிகளையும் கூப்பிட்டது. எங்கள் முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் ஆடுகிற அணி என்று விளம்பரம் போட்டால் சேர்க்கை கூடுமாம். நாங்கள் போனால் உள்ளூர் லீக் கலைந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது என்னை உறுத்தவில்லை. உறுத்தியது பிரிவுப் பட்டியல்தான். என் அணி முதல் பிரிவு, கண்ணையன் அணி இரண்டாம் பிரிவு. இனி நாங்கள் மோதவே மாட்டோம்.

நிதானமாகத்தான் யோசித்தேன். அவனுக்கு அணியே இல்லாமல் போனால், என் அணிக்குத் துணைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். முதல்வரிடம் பேசி அந்த வேலையைக் கேட்டு வாங்கியும் வைத்தேன்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் இருந்தது. சின்னச் சின்ன மாற்றத்துக்கெல்லாம் அலைய வேண்டாம் என்று, ஒவ்வொரு கல்லூரியும் கையெழுத்தும் முத்திரையும் போட்ட வெற்று லெட்டர்பேடு தாள்கள் ஐந்தை வருட ஆரம்பத்திலேயே செயலாளரிடம் கொடுத்துவிடும். செயலாளர் நான். கண்ணையன் ஐந்துக்குப் பத்தாகவே கொடுப்பான். அதில் ஒன்றை எடுத்து, சென்னை லீக்கில் சேர விருப்பமில்லை, இந்த ஆண்டோடு கால்பந்து அணியையே நிறுத்திக்கொள்கிறோம் என்று டைப் செய்து சென்னைக்கு அனுப்பினேன். அவன் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு நகல். மைதானத்தில் கட்டடம் எழுப்பக் காத்திருந்தவர்கள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அணியையும் மூடினார்கள், அவனையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆட்டத்துக்காகக் கட்டணமில்லாமல் படித்த பதினோரு பையன்களில் ஏழு பேர் கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். படிப்பை விட்டுவிட்டுப் படகில் மீன்பிடிக்கப் போகிறார்கள். கோல்கீப்பர் சிலம்பரசன் மட்டும் என்னிடம் வந்து, "உங்க டீம்லயாச்சும் சேத்துக்குங்க சார்" என்றான். இடமில்லை. எனக்கும் வருத்தம்தான்.

கண்ணையன் அந்த நகலோடு என் வீட்டுக்கு வந்தான்.

"கலியா, இத நானா எழுதுனேன்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் மனைவி தனக்கொடி இறந்த புதிதில், ஒருநாள் ஸ்கூட்டரை மறந்து மைதானத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போனான் அவன். அது நினைவுக்கு வந்தது.

"நீதான்டா எழுதச் சொன்ன. இதே சேர்லதான் குந்தியிருந்த. மறந்துட்டியா?"

"எனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியேடா. புள்ளைங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனே" என்று அழுதான். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

துணைப் பயிற்சியாளர் வேலைக்கு அவன் வரவில்லை. "மறதிக்காரன நம்பிப் புள்ளைங்கள வுடாதடா" என்றான். ஸ்கூட்டரை விற்றான். டாக்டர் ஒரு குறையுமில்லை என்றார். டாக்டர் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டான். சென்னையில் எதிரணிக்காரர் கையைக் குலுக்கிவிட்டு மைதானத்தின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். என் பக்கத்து நாற்காலியில் தண்ணீர் கேன் இருக்கிறது.

உங்களிடம் புகார் கொடுத்தவள் அவன் மகள் கார்குழலி. கடிதத்தில் போட்டிருந்த தேதியில், தன் பிரசவத்துக்கு வந்திருந்த அப்பா ஓசூரில் தன்னோடு இருந்தார் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அவனோ, "கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு வந்திருப்பேம்மா" என்று எனக்காக அவளிடம் வாதாடினானாம்.

கடிதம் என்னுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தினமும் பயிற்சி முடிந்ததும் சாப்பாடு வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். சமைத்துப் போடும் சின்னப்பாப்பா அதற்குள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் போயிருப்பாள். கவிழ்த்து வைத்த தட்டில் ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

"நான் சாப்ட்டனா கலியா?" என்று கேட்பான்.

"இன்னும் இல்லடா" என்பேன். இரண்டு தட்டு எடுத்து வைப்பேன். பசியில்லாவிட்டாலும் அவன் என் வார்த்தையை நம்பிச் சாப்பிடுவான்.

எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். நான் இல்லாவிட்டால் சாயங்காலத்தில் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் கவலை. அவனுக்கு மறதி அதிகம், மேடம்.