ஒரே ஒரு உண்மைத் தகவல்

கோரைப் பாயை மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆறு மாதத்தில் பாய் முறிந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரு ஆயுசாகப் பாய்க்கடை வைத்திருப்பவன் நான். மனிதர்களின் அறிவைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

உண்மை அறியும் குழு என்று சொல்லி வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். என் பெயர் ஷேக் மைதீன். புளுகு மைதீன் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். வெள்ளக் காலத்தில் தாமிரபரணியில் மிதந்துவந்த ஆட்டுரலில் ஏறி, சுத்தமல்லியிலிருந்து கொக்கிரகுளம் வரை வந்திருக்கிறேன். கூடவே ஒரு சாரைப்பாம்பும் வந்தது. அதற்குச் சீவலப்பேரி போக வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் பூதலிங்கம் ஊருக்குப் புதிது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. எந்தப் பிரிவு என்று கேட்கக் கூடாத ஒரு பிரிவில் இருந்தார். நிருபர் சித்ரலேகாவின் போனுக்குள் அவர்கள் எதையோ ஏற்றிவிட்டிருந்தார்கள். அவள் பேசுவது, நிற்பது, நடப்பது எல்லாம் அவர்கள் அறைக்கு வந்துவிடும். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். போனை அம்மாவிடம் கொடுத்து சீரியல் பார்க்கச் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறிவிடுவாள். கோடிக்கணக்கில் செலவழித்த அரசாங்கம் பல மாதம் ஒரு மாமியார் மருமகள் சண்டையைக் கண்காணித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் மனிதக் காது வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். என் கடை கோர்ட்டுக்குப் போகிற வழி. சித்ரலேகா தினமும் அங்கே உட்கார்ந்து, நான் வரவழைக்கும் டீயைக் குடிப்பாள். மிரட்டினார்களா என்று கேட்பீர்கள். இல்லை. பூதலிங்கம் எதிரே உட்கார்ந்து நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டார். அது போதுமாக இருந்தது.

கேட்டதற்கெல்லாம் சொன்னேன். சித்ரலேகா செய்திகளைச் சின்னக் குப்பியில் அடைத்து, ஆற்றைக் கடக்கும் எருமைகளின் காலில் கட்டி அனுப்புகிறாள் என்றேன். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு மாதம் கரையில் நின்று எருமைகளின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கு விலா எலும்பு போயிற்று. விசாரணை முன்னேறுகிறது என்று சென்னைக்குத் தகவல் போனது. என் புளுகினால் அதுவரை ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராதாபுரம் பக்கத்து ஜாஸ்பர் செத்தது உங்களுக்குத் தெரியும். விசாரணைக்குக் கூட்டிப்போன இடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்றார்கள். நம்மூர் போலீஸ் ஸ்டேஷன் குளியலறைகளைப் போல வழுக்குகிற இடம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. விழுகிறவன் முதுகிலும் உள்ளங்காலிலும் ஒரே நேரத்தில் விழுகிறான். அவனோடு பிடித்துப் போன தம்பி ஹெப்ரான் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். திங்கட்கிழமை மதுரையில் நீதிபதி முன்னால் அவன் வாய் திறக்க வேண்டும். அதுவரை அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

அவனை ஒளித்து வைக்க இடம் கேட்டு சித்ரலேகா என்னிடம்தான் வந்தாள். பத்தமடையில் எனக்குப் பாய் நெய்து தரும் நூர்முகம்மது கோரையை அடுக்கிப் பூட்டி வைக்கும் கிட்டங்கியைச் சொன்னேன். நானே கொண்டுபோய் விட்டேன்.

“என்னை எப்படித் தாயி நம்புதே?” என்று கேட்டேன்.

“ஒங்களை யாரு நம்புதா?” என்று சிரித்தாள். “நீங்க உள்ளதைச் சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான் அண்ணாச்சி. இந்த ஜில்லாவுலயே பத்திரமான ஆளு நீங்கதான்.”

பத்திரிகைக்காரி, படித்தவள். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை பூதலிங்கம் வந்தார். எருமை விஷயம் மேலே யாருக்கோ புரிந்துவிட்டது. கடையில் நாலு பேர் இருக்கும்போதே ஆரம்பித்தார். “ஏம்வே, ஒம்ம வாயில பொறந்ததுலேருந்து ஒரு உண்மை வந்திருக்கா? செத்த பொறவாவது வருமா?” நாலு பேரும் சிரித்தார்கள். நான் வரவழைத்த டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

ஆட்கள் போன பிறகு ஹெப்ரான் இருக்கும் இடத்தைச் சொன்னேன். எந்தத் தெரு, எந்தக் கதவு, எல்லாம்.

அவர் கொட்டாவி விட்டார். “எருமை மேலயா போனான்?”

அங்கேயே விட்டிருக்கலாம் என்பீர்கள். விட்டிருந்தால் நான் பொய்யன் என்று ஆகிவிடும். சொன்னது உண்மை, அதைப் பொய் என்று ஒருவர் சொல்ல எப்படிப் பொறுப்பது? ஆகவே மறுநாள் நானே அவர்கள் ஜீப்பில் ஏறினேன். ஜும்மா நேரத்தில் போகலாம் என்ற யோசனையும் என்னுடையது. ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள், தெருவில் தடுக்க ஆள் இருக்காது. எனக்கு அன்று ஜும்மா தவறிவிட்டது. அந்த வருத்தம் இருக்கிறது.

இப்போது போலீஸ் கோர்ட்டில் என்ன சொல்லியிருக்கிறது? ஹெப்ரானை நாங்கள் பார்த்ததே இல்லை, அன்று எங்கள் ஜீப் பத்தமடைப் பக்கமே போகவில்லை என்று. சித்ரலேகா மேல் ஆள் கடத்தல் வழக்கு. நூர்முகம்மது என் கடைக்குப் பாய் தருவதில்லை. நல்ல பாய், நஷ்டம் அவருக்குத்தான். ஹெப்ரானின் அம்மா சாலோமி தினமும் என் கடை எதிரே வந்து நிற்கிறாள். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஜீப்பில் ஏற்றியதை நான் பார்த்தேன். அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. பூதலிங்கம் என் தோளில் தட்டி, “பரவால்லவே, ஒண்ணாவது உண்மையாப் போச்சு” என்றார். அதைச் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றிருந்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல தூக்கம்.

நீங்கள் கேட்டது கதவு எப்படித் திறந்தது என்று. யார் தட்டினாலும் திறக்காதே என்று சித்ரலேகா அவனிடம் சொல்லியிருந்தாள். ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, போலீஸ்காரர்கள் சுவரோடு ஒண்டி நிற்க, நான்தான் தட்டினேன்.

“யாரு?” என்றான்.

“மைதீன்தாம்லே. நான் ஒருத்தன்தான் வந்திருக்கேன். பைய வந்து தொற.”

உடனே தாழ்ப்பாள் விலகியது. என் ஆயுசில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பியவன் அந்தப் பையன் ஒருவன்தான். அந்த நன்றியை நான் இன்னும் மறக்கவில்லை.